முந்திரிப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்த பேராசிரியருக்கு

வணிகத்தைக் கணினியோடும், கணினியை மனிதரோடும் பிணைத்துப் பார்த்த பேரறிவே! ஏலாக்குறிச்சி ஈன்று, பெரம்பலூர் பேணி, அரியலூர் அரவணைத்துக்கொண்ட அருந்தவச் செல்வமே! ஆய்வென்பது அச்சடித்த தாளல்ல, அலைந்து காணும் அறமென்று அறைந்து சொன்ன அன்னையே! எங்கள் வணிகத் தகவலியல் துறைக்கு வேரே, விழுதே, வேளை வந்தால் விளாசும் விளாறே! முனைவர் அமலோற்பவமேரி அம்மையாரே! உங்களோடு பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு அடுக்கினால் நீங்களே எழுந்து, "இது கேட்டதா, பார்த்ததாங்க?" என்று கேட்டுவிடுவீர்கள். உங்கள் ஆய்வு முறையியல் வகுப்பில் உட்கார்ந்தவர் எவரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொன்ன மாணவனைக்கூட ஜன்னலோரம் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னவர் நீங்கள்.

இந்தக் கல்லூரியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் வேலை, தமிழ்த்துறையில் இருக்கும் ஒரே குற்றத்துக்காக, இளையபெருமாளாகிய என் தலையில்தான் விழும். பொறுமையின் சிகரம், கருணையின் கடல், எளிமையின் இமயம் என்று சரக்கு எப்போதும் கைவசம் உண்டு. பெயரை மட்டும் மாற்றிக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடலாம். சென்ற ஆண்டு ஒரு விழா முடிந்து, ஒரு கையில் தேநீரும் மறு கையில் மிக்சருமாக நின்றபடி நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "ஐயா, உங்க மடல் எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு போடுதுங்க. நம்ம சர்வே கேள்வித்தாள் மாதிரியேதான் இருக்கு." சுருக்கென்று தைத்தது. அதனால்தான் இந்த ஒரு மடலிலாவது பார்த்ததை மட்டும் எழுதுவது என்று எல்லோரும் கூடி முடிவு செய்தோம்.

ஆகவே உங்களைப் பொறுமையின் சிகரம் என்று சொல்ல மாட்டோம். உங்களுக்குப் பொறுமை கிடையாது. வகுப்புக்குத் தாமதமாக வந்தவர்கள் தாழிட்ட கதவைத்தான் பார்த்திருக்கிறார்கள். பழகுவதற்கு இனியவர் என்றும் சொல்ல மாட்டோம். உங்களிடம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்கப் போகும்போது எங்களில் பலர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறோம். ஆனால் நீங்கள் திருத்திக் கொடுத்த தாளில் ஒரு பொய் மிஞ்சியிருந்ததை இந்தக் கல்லூரியில் ஒருவரும் பார்த்ததில்லை.

அலுவலகத்திலிருந்து இந்த மடலுக்கு ஒரு மாதிரி வரைவு வந்தது. நேரம் தவறாதவர், இன்முகத்தர், நிறுவனத்தின் வளர்ச்சிக்கு எந்நாளும் ஒத்துழைத்தவர் என்று மூன்று வரி. ஒத்துழைத்தவராம்! உங்களை என்ன பாடு படுத்தினோம் என்பதை ஒத்துழைப்பு என்ற ஒரு சொல்லில் போர்த்தி, மேலே ஒரு பொன்னாடையையும் போர்த்தி வழியனுப்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். எழுதியதை முன்கூட்டியே காட்டச் சொன்னார்கள். மடல் கண்ணாடிக் கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆய்வுப் பிரிவின் டீன் அவர்களே! கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது இத்தகைய மடல்களின் மரபு. நாங்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள், முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அம்மையீர்! நீங்கள் இந்தத் துறையைத் தொடங்கிய காலத்தில் அதற்கு உட்கார இடமில்லை. வணிகவியல்காரர்கள் இது கணினிச் சமாச்சாரம் என்றார்கள். கணினிக்காரர்கள் இது கணக்குப்பிள்ளைச் சமாச்சாரம் என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு கடையோ பட்டறையோ ஆலையோ கணினியைக் கொண்டுவந்து வைத்த பிறகு அங்கே உள்ள மனிதர் வேலை என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் கேள்வி என்று நீங்கள் இரு தரப்புக்கும் சொல்லிச் சொல்லி அலுத்தீர்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டுச் செய்யத் தொடங்கினீர்கள். வெங்காய விலை கைப்பேசியிலேயே வரும்போதும் பாடாலூர்ப் பக்கத்து விவசாயி ஏன் பழைய வியாபாரிக்கே சரக்கைப் போடுகிறார் என்று ஒரு மாணவரை அனுப்பினீர்கள். அந்த வியாபாரியின் வண்டிதான் வயல் வரப்புவரை வருகிறது என்று அவர் கண்டுவந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் இடத்தில் வரிசை எண் காட்டும் திரை மின்னிக்கொண்டிருக்க, லாரி ஓட்டுநர்கள் ஏன் இறங்கி நடந்துபோய் வரிசையைப் பார்த்து வருகிறார்கள் என்று இன்னொருவரை அனுப்பினீர்கள். நம் மாவட்டத்துப் புழுதியிலும் பன்னாட்டு ஆய்விதழ்கள் கேட்கிற கேள்விகள் கிடக்கின்றன என்று காட்டியவர் நீங்கள்.

உங்களுக்கு எண்கள் பிடிக்காது என்று ஒரு வதந்தி இந்த வளாகத்தில் உலவுகிறது. பொய்! புள்ளியியலை உங்களைப்போல் கரைத்துக் குடித்தவர் இங்கே எவருமில்லை. எண் குற்றவாளியல்ல, எண்ணை எங்கிருந்து அள்ளினாய் என்பதே கேள்வி என்பீர்கள். எத்தனை பேர் என்று அறிய வேண்டுமானால் எண்ணு. ஏன் என்று அறிய வேண்டுமானால் கூட இருந்து பார். வழி இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் ஒன்றைச் செய்து கொடுத்து, அது உடைகிறதா என்று சோதி. கேள்விக்கு ஏற்ற முறையை எடுக்க வேண்டும், கையில் இருக்கிற முறைக்கு ஏற்பக் கேள்வியை வெட்டக் கூடாது. இந்தப் பாடத்தைத் தமிழ்க்காரனான எனக்கே புரிய வைத்த நீங்கள், புரிய வைக்க வேண்டியவர்களுக்குப் புரிய வைக்க முடியாமல் போனதுதான் கொடுமை.

அந்தச் செயலி விவகாரத்தைச் சொல்லாமல் இந்த மடல் நிறைவு பெறாது. ஜெயங்கொண்டம் வட்டாரத்து முந்திரிப் பட்டறைகளுக்கென்று நம் கல்லூரி ஒரு கைப்பேசிச் செயலி செய்தது. எந்தத் தோப்புக் கொட்டை எந்தக் கூடையில் இருக்கிறது, வறுத்தாயிற்றா, உடைத்தாயிற்றா என்று பட்டறைப் பெண்கள் அதில் விரலால் தொட்டுத் தொட்டுப் பதிய வேண்டும். ஐந்துக்கு மதிப்பெண் போடும் கேள்வித்தாளோடு மாணவர்கள் போனார்கள். செயலி எப்படி என்று கேட்டார்கள். மிக நன்று, மிக நன்று, மிக நன்று என்றே எல்லாத் தாளும் திரும்பி வந்தது. வாசலில் பதாகை எழுந்தது. எங்கிருந்தோ ஒரு விருதும் வந்தது. டீன் அவர்களின் படம் பெரிதாகவும், முந்திரிப்பழத்தின் படம் சிறிதாகவும் அந்தப் பதாகை இன்றும் நிற்கிறது.

நீங்கள் மட்டும் பஸ் ஏறிப் போனீர்கள். முழங்கால் வலியோடு, பட்டறையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தீர்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் என்பதால் பெண்கள் கையெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையால் தொட்டால் எந்தத் திரை அசையும்? செயலியிருந்த கைப்பேசி பாலித்தீன் பையில் சுற்றி ஆணியில் தொங்கியது. அதை ஒருவரும் திறந்ததே இல்லை. பின்னே ஏன் மிக நன்று என்று எழுதினீர்கள் என்று பட்டறைக்காரர் அமிர்தவல்லியிடம் கேட்டபோது, அவர் உங்களையே பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "காலேஜ் புள்ளைங்க அம்மாந்தூரத்துலேருந்து வெயில்ல வந்து நிக்குதுங்க. நல்லால்லன்னு எப்படிங்க எழுதுறது? புள்ளைங்க மனசு நோவாதா?"

விருந்துக்குப் போன வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்புக் கரிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? நம் ஊர்ப் பண்பாடு அது, அதில் தவறேயில்லை. அந்தப் பண்பாட்டை அளந்துவிட்டு, செயலியை அளந்ததாகப் பதாகை வைத்ததுதான் தவறு. இதை ஆய்வுக் குழுக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னீர்கள். அந்தக் கூட்டத்தில் எங்களில் பலர் இருந்தோம். டீன் அவர்கள் சிரித்துக்கொண்டே, "சாக்குல உக்காந்து வேடிக்கை பாக்கறதெல்லாம் ஆராய்ச்சியா மேடம்?" என்று கேட்டதையும் எங்கள் காதாலேயே கேட்டோம்.

வேடிக்கை! வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கோள்களின் பாதையைச் சொன்னது வேடிக்கையா? நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்க்கும் மருத்துவர் வேடிக்கைக்காரரா? வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து, கண்டதைக் கண்டபடி எழுதி, தான் கண்டது சரிதானா என்று வேறு பட்டறைகளிலும் ஒத்துப்பார்த்து, மறுத்துப் பேசுபவருக்கும் இடம் வைத்து எழுதுவது அறிவியல் இல்லையென்றால், குளிர்பதன அறையில் கூட்டல் போடுவது மட்டும் எப்படி அறிவியலாகும்? கேட்கிறோம், பதில் சொல்லுங்கள்!

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு உங்களுக்கு ஆணைதான் வந்தது. பணிச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி உங்களைத் துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். நீங்கள் கட்டியெழுப்பிய துறையில் உங்களுக்குக் கிடைத்தது ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓர் அறை. கரண்ட் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இன்றைய விழாவுக்குக்கூடப் பெரிய அரங்கம் கிடையாதாம், பராமரிப்பாம். நாங்கள் போய்ப் பார்த்தோம், அம்மா. அரங்கம் பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஒரு துடைப்பம்கூடப் பராமரிப்பில் இல்லை. வகுப்பறை பெஞ்சில் உட்கார வைத்து உங்களை வழியனுப்புகிறோம். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தனையையும் நீங்கள் துடைத்துப் போட்டுவிட்டீர்கள். தலைமைப் பொறுப்பு போனதற்குப் பிறகு படிக்க நேரம் கிடைத்தது என்றீர்கள். ஆனால் ஒன்றே ஒன்று உங்களைத் தூங்கவிடவில்லை என்பதை நாங்கள் அறிவோம். அது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஜெயசித்ரா. உங்களிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த கடைசி மாணவி. ஜெயங்கொண்டத்துக்கு அருகில் முந்திரித் தோப்பு வீட்டுப் பெண்.

அந்தச் செயலி ஏன் தோற்றது என்பதோடு நிற்காமல், பட்டறைக்கு உதவுகிற ஒன்றைச் செய்து காட்டு என்று அவரை நீங்கள் அனுப்பினீர்கள். முதலில் திரையில் பொத்தான்களைப் பெரிதாக்கினார். சாம்பல் கை பெரிய பொத்தானிலும் பதியவில்லை. பிறகு பேசினால் பதியும்படி செய்தார். கொட்டை உடைக்கும் சத்தத்தில் கைப்பேசிக்கு எதுவும் கேட்கவில்லை. அதற்கும் பிறகுதான் கையை விட்டுக் காலுக்குப் போனார். கூடை நிறைந்ததும் காலால் ஒரு தட்டுத் தட்டினால் பதிவாகும் மிதிகட்டை ஒன்றைச் செய்து அமிர்தவல்லியின் பட்டறையில் வைத்தார். நாங்கள் போய்ப் பார்த்தோம். பெண்கள் பேச்சை நிறுத்தாமல், குனிந்தும் பார்க்காமல், தட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போகிறார்கள். அதைவிடப் பெரிய நற்சான்று எந்தக் கேள்வித்தாளில் வரும்?

தோற்ற இரண்டையும் ஜெயசித்ரா தம் ஆய்வேட்டில் விடாமல் எழுதியிருக்கிறார். எது, ஏன் தோற்றது என்று எழுதினால்தான் அடுத்தவர் அங்கிருந்து நடக்க முடியும் என்பது உங்கள் பாடம். டீன் அவர்களோ ஏட்டைப் புரட்டிவிட்டு, தோற்றதை எழுதி எவராவது பட்டம் வாங்குவார்களா என்று கேட்டார். எண்ணிக்கை எங்கே, நிரப்பிய தாள்கள் எங்கே என்றார். கடைசியில் அந்தப் பெண்ணிடம், எங்களில் இருவர் நிற்கும்போதே, வாய் கூசாமல் சொன்னார்: "ஹாஸ்டல் பசங்ககிட்ட குடும்மா. சாயங்காலத்துக்குள்ள நிரப்பிக் குடுத்துருவானுங்க."

ஹாஸ்டல் பையன்கள் முந்திரிப் பட்டறைக்காரர்களாம்! ஜெயசித்ரா தலை நிமிர்ந்து, "அப்படி ஒரு பட்டம் எனக்கு வேண்டாங்க சார்" என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். இதுவும் கேட்டதல்ல, பார்த்தது.

அவர் அழுததற்குக் காரணம் உண்டு. வழிகாட்டி ஓய்வு பெறும் நாளுக்குள் வேறொருவர் மாணவரை ஏற்றுக்கொள்ளாவிட்டால் டீனே வழிகாட்டியாகிவிடுவார் என்று இங்கே ஒரு விதி. அந்த நாள் இன்றுதான். டீன் கைக்குப் போனால் மிதிகட்டை வெளியே; கேள்வித்தாள் உள்ளே. இல்லையேல் இத்தனை ஆண்டு உழைப்பைச் சுருட்டிக்கொண்டு ஜெயசித்ரா வீட்டுக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்த மாதம் முழுக்க, யாரிடமும் எதையும் கேட்டறியாத நீங்கள், அந்த முழங்காலோடு மாடிப்படி ஏறி அறை அறையாக வந்து, "இந்தப் புள்ளைய யாராவது எடுத்துக்கங்க" என்று கேட்டீர்கள். தகுதியிருந்த சிலர் விடுப்பில் போனார்கள். சிலருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனது. பேர் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் ஆய்வு வழிகாட்டி என்ற பலகையைக் கதவில் மாட்டிக்கொண்டு, ஆய்வு கதவைத் தட்டும்போது தாழ்ப்பாள் போடுவதற்கு என்ன பெயர் என்று அவர்களே சொல்லட்டும்.

உங்களுக்கு இதுவரை தெரியாத செய்தி ஒன்று உண்டு. உங்கள் துறை இணைப்பேராசிரியர் அருள் பிரகாஷ், பதவி உயர்வு நேர்காணலுக்குக் காத்திருப்பவர், டீன் தயவு இல்லாமல் அது நடக்காது என்று நன்றாகத் தெரிந்தவர், இன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எங்கள் அறைக்கு வந்து நின்றார். "சார், அந்தப் பொண்ண நான் எடுத்துக்கறேன் சார். வர்றது வரட்டும்" என்றார். நாங்கள் அவரைத் தனியே அனுப்பவில்லை. துறைவாரியாக எல்லோரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனோம். கூட்டத்தைப் பார்த்த எழுத்தர் மறு பேச்சின்றி முத்திரை வைத்தார். ஜெயசித்ராவுக்கு இப்போது வழிகாட்டி அருள் பிரகாஷ். அந்த ஏட்டில் தோற்ற இரண்டும் இருக்கும், மிதிகட்டையும் இருக்கும், ஹாஸ்டலில் நிரப்பிய ஒரு தாளும் இருக்காது. டீன் அவர்களே, இப்போது கோபித்துக்கொள்ளலாம்.

அம்மையீர்! வாழ்த்தில்லாமல் மடல் முடியக் கூடாது. உங்கள் கண்ணின் ஒளி மங்காதிருக்கட்டும். பார்க்க இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் முழங்கால் இனியாவது சொன்னபடி கேட்கட்டும். ஏலாக்குறிச்சி வீட்டில் உங்களைப் பார்க்க வருகிறவர்கள் பொய் சொல்லாமல் பேசட்டும். சொன்னாலும் தப்ப முடியாது. கோபம் மட்டும் குறைய வேண்டாம். அது குறைந்தால் நாங்கள் கெட்டுப்போவோம்.

கடைசியாக ஒன்று. கைதட்டலுக்கு நடுவே, கண் கலங்கிய நேரத்தில், உங்கள் மனசு நோகக் கூடாதென்று நாங்களும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கக் கூடும். நாளைக்கே டீன் அறையிலிருந்து அழைப்பு வரும்போது இதே கூட்டம் அருள் பிரகாஷுக்குப் பின்னால் நிற்குமா என்பது எங்களுக்கே இன்னும் தெரியாது. ஆகவே நாங்கள் சொன்ன எதையும் நம்பாதீர்கள். ஜெயசித்ராவின் வாய்மொழித் தேர்வு நாளில் பஸ் ஏறி வாருங்கள். பெரிய அரங்கத்தைத் திறந்து வைத்திருப்போம். முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருப்போம். உட்கார்ந்து பாருங்கள்.

நீங்கள் கட்டாயம் வருவீர்கள் என்ற அச்சத்தோடு,

வணிகத் தகவலியல் துறையினரும்,
அலுவலகத்துக்கு உடன் நடந்து சென்ற பிற துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்.